ஞாயிறுதோறும் வெள்ளி

நவம்பர் 9, ஞாயிறு

இது போன வருடத்து டைரி. அம்மா வேலை பார்க்கிற ரத்த வங்கியில் மிஞ்சிப்போனது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தின் அடியில் "உதிரம் கொடுத்து உறவை வளர்ப்போம்" என்கிற மாதிரி தினம் ஒரு வாசகம் வேறு. ரத்தம் குடிக்கிற வாம்பயர் கதைகளின் ரசிகைக்கு இதைவிட நல்ல டைரி அமையாது.

யாராவது திருடிப் படித்தால் பாவம், குழம்பக்கூடாது. ஆகவே: நான் தேன்மொழி. பதினொன்றாம் வகுப்பு. கோவை ஒண்டிப்புதூரில் மாடி வீடு. பெயரில் மொழியை வைத்துவிட்டு நாள் முழுக்க "வாயை மூடு" என்கிற அம்மாவின் பெயர் சாந்தாமணி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்று மூன்றாவதாக ஒருவர் வந்தார். போன வாரமும் வந்தார். வெள்ளியங்கிரி. திருப்பூரில் பனியன் துணியில் படம் அச்சடிக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பெயரில் வெள்ளி, வருவது ஞாயிறு. வாம்பயருக்கு ஞாயிறு என்கிற சூரியனும் ஆகாது, வெள்ளி என்கிற உலோகமும் ஆகாது. ஆகவே அவர் வாம்பயர் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அவரைத் தெரிய வந்ததே ரத்தத்தால்தான். அவருக்கு ஓ நெகட்டிவ். தேவைப்படும்போதெல்லாம் அம்மா போன் போட்டு "வாங்க" என்பாள், அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார். வருடக்கணக்காக இப்படி. ஒரு நாள் ரத்தம் வேண்டாம், டீ சாப்பிட வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். அதற்கும் வந்திருக்கிறார். மீதிக் கதையை என்னிடம் சொல்லும்போது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொரியலில் வெண்டைக்காய் பெருங்காயக் கட்டி அளவுக்கு இருந்தது.

இன்று கதவைத் திறந்தது நான்.

"தேனு, வாங்கன்னு கேளு கண்ணு" என்று சமையலறையிலிருந்து குரல்.

"கதவு தொறந்துதான் இருக்குதும்மா."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற?"

வெள்ளியங்கிரி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இருக்கட்டுமுங்க மேடம்" என்றார். இன்னும் அம்மாவை மேடம் என்கிறார்.

நான் சொல்லாததற்குக் காரணம் திமிர் இல்லை. விதி. அகாகானே என்கிற மங்காவில், அதாவது ஜப்பான் படக்கதையில், ஹைதோ என்கிற வாம்பயர் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் வாயால் அழைக்க வேண்டும். ஒரு ஆள் பாக்கி இருந்தாலும் வாசற்படி தாண்டக் கூடாது. எழுதியவர் ஜப்பான்காரர். ஆனால் எங்கள் பெரியத்தையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்டு, சின்ன மருமகள் மட்டும் "வாங்க" என்று கேட்கவில்லை என்பதற்காகப் பெரியத்தை இன்று வரை அந்தப் பக்கம் போவதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஜோவிதாவோடு சண்டை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், உலகப் பார்வையில் எதிரில் உட்காருகிறவள்.

விஷயம் இதுதான். அகாகானேவை இரண்டு முறை அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு அடாப்டேஷன். பழசு வந்தபோது மங்கா மூன்று புத்தகம்தான் வந்திருந்தது. பாதியில் கதை தீர்ந்துபோய், மீதியை அவர்களே இட்டுக்கட்டி முடித்தார்கள். புதுசு, மங்கா முழுதும் முடியும் வரை காத்திருந்து பக்கம் பக்கமாக அப்படியே எடுத்தது. நான் பழசு. ஜோவிதா புதுசு.

"உன்ற பழசுல ரத்தமெல்லாம் புளிக்கொழம்பு கலர்ல இருக்குதுடி" என்றாள்.

"உன்ற புதுசுல எல்லாரும் கத்திட்டே இருக்காங்க. அது வாம்பயர் படையா, உக்கடம் மீன் மார்க்கெட்டா?"

"பழசுல சண்டைன்னா ரெண்டு பேரும் அரை மணி நேரம் மொறைச்சுப் பாத்துக்குவாங்க. காத்தடிக்கும். முடிஞ்சுது."

"அதுக்குப் பேருதான் மிரட்டல். எங்கம்மா அப்படித்தான் மொறைக்கும். எனக்கு ஒரு தடவைகூட அடி விழுந்ததில்ல, ஆனா பயமிருக்குதில்ல?"

"முடிவாச்சும் ஒழுங்கா இருக்குதா?"

முடிவைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பழசின் முடிவில் ஹைதோ விடிவதற்கு முன்னால் கிளம்புகிறான். அவனை வேலை வாங்குகிற படையின் தலைவி சுமிரே வாசல் வரை வருகிறாள். கதவைச் சாத்துகிறாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மூடின கதவு மட்டும். போனவன் போனவன்தான். வருவானா வருவானா என்று யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உலகத்திலேயே சுத்தமான முடிவு.

பழசு தமிழில் டிவியில் வந்தது. நான் இரண்டாம் வகுப்பு. அப்பாவும் நானும் பார்த்தோம். சரி, வேதியியல் படிக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

இன்று அம்மா என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா காணோமா? யாரோட அக்கா?" என்றாள். அகாகானேவைத்தான் அப்படிப் படித்திருக்கிறாள். "எனக்கு அக்காவே இல்லையேம்மா, எப்படிக் காணாமப் போவா?" என்றேன். போலீசில் சொன்னார்களா என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கேட்டாள். கிண்டல் செய்கிறாளா நிஜமாகவே கேட்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவள் என் அம்மாதான்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைய சாதனை. அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். வெள்ளியங்கிரி. நான் முகம் முழுக்கச் சிரிப்போடு, "வாங்க..." என்றேன். அவர் முகத்தில் ஒரு டியூப்லைட் எரிந்தது. "...பாலு வாங்கக் கடைக்குப் போறேன்" என்று முடித்துவிட்டு அவரைத் தாண்டிப் படியிறங்கினேன். தமிழைப் போல வசதியான மொழி உண்டா.

திரும்பி வந்தபோது அவர் என் புத்தகப் பையில் தொங்கும் ஹைதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பையனை நான் அடிச்சிருக்கறனுங்க அம்மிணி."

"ஹைதோவை அடிச்சீங்களா? நீங்களா?"

"ஆமாங்க. வெளிநாட்டு ஆர்டருங்க. நாலாயிரம் பீஸ் அடிச்சனுங்க."

அச்சடித்ததைச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. வராத மாதிரி வைத்துக்கொண்டேன். "எந்த ஹைதோ? பழசா, புதுசா?"

"அதெல்லாந் தெரியலீங்க. ரெண்டு கலர் பையன் ஒருத்தன், ஏழு கலர் பையன் ஒருத்தன். ரெண்டு கலர்க்காரன் தங்கமானவனுங்க. கருப்பு ஒண்ணு, செகப்பு ஒண்ணு, சட்டுனு காஞ்சிருவான். ஏழு கலர்க்காரன் உசுரை வாங்கிட்டானுங்க."

ரெண்டு கலர் என்றால் பழசு. இதைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்ல விரும்பவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அம்மா இன்று நேராகவே பேசிவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குச் சரின்னு தோணுது தேனு. அவருக்கும். ஆனா உனக்கு வேண்டாம்னா வேண்டாம். சண்டை போட மாட்டேன், அழவும் மாட்டேன். தை பொறக்கறதுக்குள்ள சொன்னாப் போதும்."

"நான் என்ன சொல்லோணும்?"

"ஒண்ணும் பெருசாச் சொல்ல வேண்டாம். அவரு வரும்போது நீயா வாங்கன்னு கேட்டீனா எனக்குத் தெரிஞ்சுரும். நான் சொல்லிச் சொல்லாம. நீயா."

ஒரே ஒரு சொல். அதன்மேல் மொத்தக் கல்யாணத்தையும் ஏற்றி வைத்துவிட்டு, என் யூனிபார்ம் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள். சட்டை கனமாக இருந்தது. ஈரம் போகவில்லை போல.

நவம்பர் 23, ஞாயிறு

"அம்மிணிக்கு என்னுங்க புடிக்கும்?" என்று வெள்ளியங்கிரி கேட்டார். பிடித்ததைத் தெரிந்துகொண்டு மனதில் இடம் பிடிக்கப் பார்க்கிறாராம். என்னிடமா?

"அகாகானே பாருங்க. அது புரிஞ்சா நான் புரிஞ்ச மாதிரி" என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்தேன்.

அதில் இருப்பது: ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் பழசு. இரண்டு, நான்கு, ஆறு எல்லாம் புதுசு. என்றைக்காவது கேட்பார் என்று முன்கூட்டியே வரிசையாகப் பெயர் மாற்றி, ஒரே தொடர் மாதிரி கோர்த்து வைக்க இரண்டு நாள் பிடித்தது. ஐந்தாவதில் படையின் டிரைவர் கொமாகி செத்துப்போவார், ஆறாவதில் உட்கார்ந்து டீ குடிப்பார். மூன்றாவதில் படையின் மேலதிகாரி நல்லவர், நான்காவதில் துரோகி, ஐந்தாவதில் மறுபடியும் நல்லவர்.

ஜோவிதாவிடம் சொன்னேன். "பாவம்டி அந்த மனுஷன்" என்றாள். புதுசு ரசிகைகளுக்கு எப்போதுமே இளகின மனசு.

நவம்பர் 30, ஞாயிறு

ஆறு எபிசோடு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! பட்டறையில் துணி காய்கிற நேரத்தில் போனில் பார்த்தாராம்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க. அந்த டிரைவர் அஞ்சாவதுல தவறிட்டாருங்களா?"

"ஆமா."

"ஆறாவதுல டீ குடிக்கறாருங்களே?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க என்ன நெனைக்கறீங்க?"

வெகு நேரம் யோசித்தார். "கருமாதி டீங்களா?"

அம்மா சமையலறையில் எதையோ கீழே போட்டாள். நான் என் அறைக்கு ஓடிப்போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டேன். செத்தவரே தன் கருமாதிக்கு வந்து டீ குடிப்பதா! வாம்பயர் கதையில் இதைவிட நல்ல காட்சி இரண்டு அனிமேயிலும் கிடையாது.

டிசம்பர் 7, ஞாயிறு

சிரிப்பு இன்று சிக்கலில் முடிந்தது.

ஹைதோவைக் கட்டுப்படுத்த ஒரு மணி உண்டு. பழசில் அது அவன் காலில் இருக்கும். புதுசில் சுமிரேயின் கழுத்தில் இருக்கும். வெள்ளியங்கிரி பத்தாவது வரை பார்த்திருந்தார்.

"மணி அவங்க கழுத்துக்கு மாறினது எனக்குப் புரிஞ்சுதுங்க அம்மிணி."

"எதுக்காம்?"

"தாலி மாதிரிங்களா? ரெண்டு பேரும் யாருக்கும் சொல்லாமக் கட்டிக்கிட்டாங்க போல..."

சொல்லிவிட்டு அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மின்விசிறிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரியின் காது மட்டும் ஏழு கலரில் சிவந்தது.

டிசம்பர் 10, புதன்

அரையாண்டுத் தேர்வு தொடங்கியது. ரத்த ஓட்டம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி. பரம்பரைத் தொழில், வெளுத்து வாங்கினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அழைப்பு மணி. திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை.

"உள்ள அம்மா இருக்காங்க" என்றேன். வழக்கமாக அதற்கே வந்துவிடுவார்.

"இருக்கட்டுமுங்க. நாலாவதுல சொன்னாங்களே, வூட்ல இருக்கற எல்லாரும் கூப்புடோணும்னு. இத்தனை நாளும் நான் தப்பா வந்துட்டிருந்தனுங்க."

படிக்கட்டில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மா வந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். கீழ் வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி துணி காயப்போடுகிற சாக்கில் மூன்று தடவை மொட்டை மாடிக்குப் போய் வந்தார். ஒரே ஒரு கைக்குட்டையைக் காயப்போட.

என்னால் உள்ளேயும் இருக்க முடியவில்லை. கதவு திறந்திருந்தால் கொசு வரும். அதைச் சொல்லத்தான் வெளியே போனேன். அவருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். பேச்சு எப்படியோ பழசின் மூன்றாவது எபிசோடுக்குப் போய்விட்டது. மழையில் ஹைதோ ஒரு வீட்டு வாசலில் விடிய விடிய நிற்பானே, அது.

"அவன் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாமில்லீங்க, உள்ள வரட்டுமான்னு?"

"கேட்டா அது அழைப்பு ஆகாது. அவங்களாக் கூப்புடோணும். அதுதான் விதி."

"நல்ல விதிங்க" என்றார்.

அப்புறம் டீ டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, எப்போதும்போல, "போயிட்டு வர்றனுங்க அம்மிணி" என்று இறங்கினார்.

தமிழில் "வரேன்" என்றால் "போறேன்" என்று அர்த்தம். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நான்காம் வகுப்பில், அப்பா பெரிய பெட்டியோடு இதே படியில் நின்று, "போயிட்டு வரேன் தேனு" என்றார். நான் அதை வினைச்சொல்லாக எடுத்துக்கொண்டேன். அது வெறும் மரியாதைச் சொல்.

கொசு நிறைய.

டிசம்பர் 19, வெள்ளி

என் பிறந்தநாள். ஜோவிதா கேக் வாங்கி வந்தாள். மேலே ஹைதோ. புதுசு ஹைதோ. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தலையைத் தின்றேன்.

டிசம்பர் 20, சனி

பெங்களூரிலிருந்து அப்பாவின் வாழ்த்து வந்தது. ஒரு நாள் தள்ளி. அவரும் போன வருடத்து டைரிதான் வைத்திருக்கிறார் போல.

டிசம்பர் 21, ஞாயிறு

வெள்ளியங்கிரி படிக்கட்டிலேயே உட்கார்ந்து, ஒரு டிஷர்ட்டைக் கொடுத்தார். அவர் பட்டறையில் அவரே அடித்தது. முன்பக்கம் பழசு ஹைதோ, முதுகில் புதுசு ஹைதோ.

"எது அம்மிணிக்குப் புடிக்கும்னு தெரியலீங்க. அதான் ரெண்டும். புடிக்காததைச் செவுத்துப் பக்கம் வெச்சு உக்காந்துக்கலாமுங்க."

துணி கொஞ்சம் குத்துகிறது. கழுத்து சற்று அகலம். பழசு ஹைதோவின் இடது புருவம் சரியில்லை.

டிசம்பர் 29, திங்கள்

டிஷர்ட் சாயம் போகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் நான்கு முறை துவைத்தேன். துவைப்பதற்கு முன்னால் அழுக்காக வேண்டுமே என்பதற்காக மட்டும் நான்கு முறை போட்டேன். சாயம் போகவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. முன்பக்கம் திருப்பினால் ஜனவரி முழுக்கக் காலி. நவம்பரில் தொடங்கியதில் ஒரு லாபம்.

அவர் இன்று வரவில்லை. பட்டறையில் வேலையாம். படிக்கட்டு சும்மா இருந்தது. சும்மா இருக்கிற படிக்கட்டு அசிங்கமாக இருக்கும் என்று இதுவரை கவனித்ததில்லை.

ஜோவிதா வந்திருந்தாள். "இன்னும் வாங்கன்னு சொல்லலையாடி?" என்றாள்.

"சொல்லிட்டா அப்புறம் கதவைச் சாத்தவே முடியாது. பழசோட முடிவு என்ன ஆகறது?"

"புதுசோட முடிவு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"கடைசி எபிசோடு பாக்கல. பரீட்சை."

"பரீட்சை முடிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"நெட் ஸ்லோ."

"முடிவே பாக்காம ரெண்டு மாசமா எங்கூடச் சண்டை போட்டியா நீ?" என்று டிஷர்ட்டில் இருந்த புதுசு ஹைதோவின் மேல், அதாவது என் முதுகில், ஒன்று வைத்தாள். நல்ல அடி. அவளும் அச்சுத் தொழிலுக்குப் போகலாம்.

ஜனவரி 9, வெள்ளி

ஒட்டுக்கேட்கவில்லை. குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற சுவர் மெல்லியது.

அம்மா போனில்: "இல்லீங்க... அவ மேல தப்பில்லீங்க. அவளுக்கு மனசு வரல. கட்டாயப்படுத்தி வர்றதில்லையே அது... ஆமாங்க. தையும் பொறக்கப் போகுது. இத்தோட விட்டுடலாமுங்க."

அப்புறம் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஏதும் கழுவுகிற சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ப் பஞ்சம் வருகிற ஊரில் இப்படிச் செய்யக் கூடாது.

சொன்ன மாதிரியே சண்டை போடவில்லை. சாப்பாட்டில் எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதம்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுதுகிறேன். முழுவதும் எழுதுகிறேன்.

மணி அடித்தது. நான்தான் திறந்தேன். வெள்ளியங்கிரி பென் டிரைவை நீட்டினார்.

"இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. அடுத்தவங்க பொருளு."

"முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "அந்த டிரைவர் டீ குடிச்சது..."

"தெரியுமுங்க" என்றார். "ரெண்டாவதுலயே தெரிஞ்சுதுங்க. ஒரு படத்து மேல இன்னொரு படம் அடிச்சா, கோடு ஒட்டலைன்னா எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுரும். மூஞ்சி வேற, சட்டை வேற, ரத்தத்தோட செகப்பே வேற. ரெண்டு படம் கலந்திருக்கறீங்க."

"அப்பறம் எதுக்கு கருமாதி டீ..."

"நீங்க அவ்வளவு செரமப்பட்டுக் கலந்து குடுத்திருக்கறீங்க. ஏமாறலைன்னா மரியாதையா இருக்காதுங்களே."

முகத்தில் ஒரு சின்ன மாற்றமும் இல்லை. கருமாதி டீயும் என்னைச் சிரிக்க வைக்கச் சொன்னதா? இத்தனை வாரமும் நான் இவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை ஓட்டியது நான், பெட்ரோல் போட்டது அவர்.

"தாலியும் சும்மா சொன்னதா?"

"இல்லீங்க. அது நெசமாலுமே தெரியாமச் சொல்லிட்டனுங்க" என்றார். காது மறுபடியும் சிவந்தது.

பிறகு செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, "அப்ப நான் போறனுங்க அம்மிணி" என்றார்.

போறேன்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஊரில் யாருமே சொல்வதில்லை. ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்கூட வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

"அப்படிச் சொல்லக் கூடாது" என்றேன்.

"எப்படிங்க?"

"போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லோணும்."

அவர் படியைப் பார்த்தபடி கேட்டார்: "வரப்போறதில்லைன்னு தெரிஞ்சுட்டே அப்படிச் சொன்னா, அது பொய்யில்லைங்களா அம்மிணி?"

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லை வினைச்சொல்லாக எடுத்துக்கொண்ட இன்னொரு ஆள் இவர்தான்.

உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போயிட்டு..." என்றேன். தொண்டையில் கொழுக்கட்டை. நிஜமான கொழுக்கட்டை. "...வாங்க."

அவர் தலையாட்டினார். இறங்கினார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. கீழே கேட் திறந்தது, மூடியது. பைக் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேட் மறுபடியும் திறந்தது. செருப்புச் சத்தம் மேலே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார்.

"போயிட்டு வந்துட்டனுங்க."

இந்த மனிதரை என்ன செய்வது? என் வாழ்நாளில் நான் செய்த எந்தக் குறும்பும் இதற்குப் பக்கத்தில் வராது. சிரித்துவிட்டேன். வேறு ஏதோவும் செய்தேன், அது கண்ணில் தூசி. கதவை முழுதாகத் திறந்தேன்.

"வாங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. ஒரு தடவை சூடுபட்டவர். ஜாக்கிரதையாகக் கேட்டார்: "என்ன வாங்கோணுமுங்க அம்மிணி? பாலுங்களா?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றினார். ஸ்டாண்டில் இடமில்லை. என்னுடையதை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் ஈரம். அழ மாட்டேன் என்று துணி மடித்த அன்று சொன்னவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. இந்த வீட்டில் யாரை நம்புவது?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெள்ளி இன்று வியாழக்கிழமையே வந்துவிட்டது.

மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து புதுசின் கடைசி எபிசோடு பார்த்தோம். அம்மா பாதியில், "இதுல அக்கா எங்கடி?" என்றாள். வெள்ளியங்கிரி செகப்பு சரியில்லை என்று மூன்று இடத்தில் சொன்னார். முடிவு என்ன என்பதை எழுத மாட்டேன். திருடிப் படிக்கிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். அதே கதவுதான்.

ஜோவிதா போனில் கேட்டாள்: "இப்பச் சொல்லு. பழசா, புதுசா?"

"பழசு பழசுதான்டி" என்றேன்.

"திருந்தவே மாட்டியா? அப்ப அந்தாளை வாங்கன்னு கூப்பிட்டது?"

"போயிட்டு வாங்கன்னு வழியனுப்பினேன். அது வேற வாங்க."

"அப்பறம் உள்ள வாங்கன்னது?"

"அது வேற அடாப்டேஷன்."

அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். பண்டிகை நாளும் அதுவுமாக. வெளியே அம்மா கூப்பிட்டாள். பால் பத்தவில்லையாம். வாங்க அவர் போயிருக்கிறார். போயிட்டு வருவார்.